நீர்த்துளிக்கு இலக்கணம் கண்டவர்

மழை பெய்து ஓய்ந்த காலைப்பொழுதில் குளக்கரைக்குச் சென்று பாருங்கள். தாமரை இலையின்மீது நீர்த்துளிகள் முத்துப்போலத் திரண்டு நிற்கும். காற்றுச் சிறிது வீசினால் அவை அங்குமிங்கும் உருண்டோடும். இலை சாய்ந்தால் ஈரச் சுவடும் வையாமல் குளத்தில் வீழ்ந்துவிடும். உலகில் ஒட்டியும் ஒட்டாமலும் வாழ்பவரைத் தாமரை இலைத் தண்ணீர் போன்றவர் என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். அதே நீரை நன்கு துலக்கிய கண்ணாடித் தகட்டின்மீது விட்டால் அது முத்தாகத் திரள்வதில்லை. பரந்து படர்ந்து கண்ணாடியைத் தழுவிக்கொள்கிறது. நீர் ஒன்றே, எனினும் இலையின்மேல் ஒரு வடிவும் கண்ணாடியின்மேல் வேறொரு வடிவும் அது கொள்வது ஏன்? ஓரிடத்தில் உருண்டோடும் துளி மற்றோரிடத்தில் நகர மறுத்து நிற்பது ஏன்?

சிறு பிள்ளைகளும் கேட்கக்கூடிய இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு அடிப்படையான விதியை உலகிற்கு அளித்தவர், தாமஸ் யங் என்னும் ஆங்கில மருத்துவர். எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் உண்டென்பதை நாம் அறிவோம். நீர்த்துளிக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்று காட்டியவர் அவர். அப்பெரியாருடைய வாழ்க்கை வரலாற்றை இப்பாடத்திற் காண்போம்.

தாமஸ் யங் 1773-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 13-ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சோமர்செட் மாவட்டத்தில், மில்வர்ட்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர்க்குப் பிறந்த மக்கள் பதின்மருள் இவரே மூத்தவர். இவர்தம் குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர். எளிய உடையும் ஆரவாரமற்ற வாழ்வும் உடையவர். யங் தம் குழந்தைப் பருவத்தைப் பெரும்பாலும் தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் கழித்தார். இரண்டு வயதிலேயே தடையின்றிப் படிக்கக் கற்றுக்கொண்டார். நான்கு வயதிற்குள் விவிலிய நூலை இருமுறை படித்து முடித்தார். பதினான்கு வயது நிரம்புமுன் கிரேக்கமும் இலத்தீனும் இவருக்குக் கைவந்தன. பிரெஞ்சு, இத்தாலி, எபிரேயம், அரபு, பாரசீகம் முதலிய மொழிகளையும் பயிலத் தொடங்கிவிட்டார்.

பதினான்காம் வயது முதல் ஐந்தாண்டுகள் இவர் ஹெர்ட்ஃபோர்டு மாவட்டத்தில் டேவிட் பார்க்ளே என்னும் செல்வர் இல்லத்தில் தங்கினார். அவருடைய பேரன் ஹட்சன் கர்னி என்னும் சிறுவனுக்குத் துணையாக அமைந்து, தாமும் கற்றுப் பிறர்க்கும் கற்பித்தார். அங்கு மலர்ந்த நட்பு இருவர்க்கும் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

யங்கின் தாய்வழி உறவினரான ரிச்சர்டு பிராக்கிள்ஸ்பி என்பவர் இலண்டன் மாநகரில் புகழ்பெற்ற மருத்துவர். அவர் இளைஞரின் அறிவாற்றலைக் கண்டு மகிழ்ந்து, மருத்துவக் கல்வி பயில ஊக்குவித்தார். 1793-ஆம் ஆண்டில், இருபது வயது நிறையாத மாணவராயிருந்தபோதே, யங் கண்ணைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அண்மையிலும் சேய்மையிலும் உள்ள பொருள்களை நம் கண் தெளிவாகக் காண்பதற்குக் காரணம், கண்ணினுள் இருக்கும் வில்லை தன் வடிவத்தை மாற்றிக்கொள்வதே என்பது அக்கட்டுரையின் கருத்து. அறிஞர் பலர் கூடிய இராயல் கழகத்தில் அது படிக்கப்பெற்றது. அடுத்த ஆண்டிலேயே அக்கழகம் இருபத்தோரு வயதினரான யங்கைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

பின்னர் எடின்பரோவிலும், ஜெர்மானிய நாட்டுக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலும், கேம்பிரிட்ஜிலும் இவர் கல்வி பயின்றார். 1796-ஆம் ஆண்டில் கோட்டிங்கனில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1797-ஆம் ஆண்டில் பிராக்கிள்ஸ்பி மறைந்தபோது, தம் இலண்டன் வீட்டையும் நூலகத்தையும் 10,000 பவுன் பணத்தையும் யங்குக்கு விட்டுச் சென்றார். வறுமையின் இடர் நீங்கியது. யங் இலண்டனில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார்.

1801-ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் நிறுவனம் இவரை இயற்கைத் தத்துவப் பேராசிரியராக அமர்த்தியது. இயந்திரம், நீர், ஒலி, ஒளி, வான்கோள் என எல்லாவற்றைப் பற்றியும் இவர் விரிவுரை நிகழ்த்தினார். ஆயினும் கேட்டவர் பலர் சோர்வுற்றனர். யங் எதனையும் மிகச் சுருக்கமாகச் சொல்லும் இயல்பினர். தமக்கு எளிதாகத் தோன்றியது பிறர்க்கும் எளிதாகவே இருக்கும் என்று எண்ணிவிடுவார். பத்துப் படிகள் ஏற வேண்டிய இடத்தில், தாம் ஒரே தாவலில் மேலே சென்று நின்று, கீழே நிற்பவர் வரவில்லையே என்று வியப்பார். இக்குறை அவருடைய வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. இரண்டாண்டுகளுக்குப்பின் அப்பதவியை விட்டு விலகினார். அவ்விரிவுரைகள் 1807-ஆம் ஆண்டில் நூல் வடிவில் வெளிவந்தன.

இக்காலத்திலேதான் ஒளியைப் பற்றிய இவருடைய பெரும் ஆராய்ச்சி நிகழ்ந்தது. ஒளி என்பது நுண்ணிய துகள்களின் ஓட்டம் என்று நியூட்டன் பெருமகனார் கருதியிருந்தார். நியூட்டனுக்கு மாறாக ஒரு சொல் சொல்வதற்கும் ஆங்கில அறிஞர்கள் அஞ்சிய காலம் அது. யங்கோ ஒளி நீர் அலைபோலப் பரவுவதென்றும், இரண்டு ஒளியலைகள் கூடும்போது சிலவிடங்களில் ஒளி மிகும், சிலவிடங்களில் இருள் தோன்றும் என்றும் சோதனை வாயிலாகக் காட்டினார். உடனே எதிர்ப்பு எழுந்தது. எடின்பரோவிலிருந்து வெளிவந்த திறனாய்வு இதழ் ஒன்றில், பெயர் குறிக்கப்படாத கட்டுரைகள் யங்கைக் கடுஞ்சொற்களால் இகழ்ந்தன. அவற்றை எழுதியவர் ஹென்றி புரூம். பிற்காலத்தில் அரசியலில் பெரும்பதவி வகித்தவர். யங் 1804-ஆம் ஆண்டில் தம் செலவில் ஒரு சிறு நூல் அச்சிட்டு அவர்க்கு விடையிறுத்தார். அந்நூலில் விற்பனையான படி ஒன்றே ஒன்று! இகழ்ச்சியை ஆயிரக்கணக்கானோர் படித்தனர். மறுமொழியை விலை கொடுத்து வாங்கியவர் ஒருவரே.

வேறொருவராயின் இனி ஆராய்ச்சியும் வேண்டா, கட்டுரையும் வேண்டா என்று எழுதுகோலைக் கீழே வைத்திருப்பார். யங்கும் மனம் வருந்தி, இனி மருத்துவத் தொழிலிலேயே கருத்தைச் செலுத்துவது என்று உறுதி செய்தார். ஆனால் உண்மையை நாடும் உள்ளம் ஓய்ந்திருக்க வல்லதோ? அதே 1804-ஆம் ஆண்டு, டிசம்பர் திங்கள் 20-ஆம் நாள், இராயல் கழகத்தில் அவருடைய கட்டுரை மற்றொன்று படிக்கப்பெற்றது. நீர்மங்களின் ஒட்டுறவைப் பற்றியது அக்கட்டுரை. அடுத்த ஆண்டில் அது அச்சேறியது. நீர்த்துளியின் இலக்கணம் அதிலேதான் அடங்கியிருந்தது.

அவ்விலக்கணம் யாதெனக் காண்போம். நீரின் நுண்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் இயல்புடையவை. துளியின் உள்ளே இருக்கும் நுண்கூற்றை எல்லாப் பக்கத்திலும் உள்ள நுண்கூறுகள் ஒரே அளவில் இழுக்கின்றன. மேற்பரப்பில் இருக்கும் நுண்கூற்றிற்கோ மேலே துணையில்லை. ஆதலின் நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்போல எப்பொழுதும் சுருங்க முயல்கின்றது. இதனைப் பரப்பு இழுவிசை என்பர். காற்றிலே விழும் சிறு துளி உருண்டை வடிவம் கொள்வதற்கு இதுவே காரணம்.

இனி, ஒரு துளியைத் தகட்டின்மேல் வைப்போம். துளியின் விளிம்பில் மூன்று எல்லைகள் வந்து கூடுகின்றன. நீரும் காற்றும் தொடும் எல்லை ஒன்று. தகடும் காற்றும் தொடும் எல்லை மற்றொன்று. தகடும் நீரும் தொடும் எல்லை மூன்றாவது. ஒரு வளையத்தில் மூன்று கயிறுகளைக் கட்டி மூவர் மூன்று பக்கம் இழுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வளையம் சற்று அசைந்து, மூவர் வலிமையும் ஒத்துவரும் இடத்தில் நின்றுவிடும். அதுபோலவே துளியின் விளிம்பையும் மூன்று விசைகள் இழுக்கின்றன. தகடும் காற்றும் கூடிய எல்லை, விளிம்பை வெளிப்புறமாக இழுத்துத் துளியைப் படரச் செய்ய முயல்கிறது. தகடும் நீரும் கூடிய எல்லை அதனை உட்புறமாக இழுக்கிறது. நீரும் காற்றும் கூடிய எல்லை துளியின் வளைந்த மேற்பரப்பின் வழியே இழுக்கிறது. இம்மூன்றும் சமன்படும்போது, துளியின் விளிம்பு தகட்டோடு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றுவிடுகிறது. இதுவே சேர்கோணம் எனப்படும்.

ஒவ்வொரு நீர்மத்திற்கும் ஒவ்வொரு திண்மப்பொருளுக்கும் இடையே அவற்றிற்கே உரிய ஒரு சேர்கோணம் உண்டு என்பதே யங் கண்ட விதி. துளி கடுகளவாயினும் நெல்லிக்காயளவாயினும் அக்கோணம் மாறுவதில்லை. துப்புரவான கண்ணாடியின்மேல் நீரின் சேர்கோணம் ஏறத்தாழச் சுழியாகும். ஆதலின் நீர் படர்கிறது. மெழுகின்மேல் அது 90 பாகைக்கு மேற்படும். ஆதலின் நீர் திரள்கிறது. கண்ணாடியின்மேல் பாதரசத்தின் சேர்கோணம் ஏறத்தாழ 140 பாகை. ஆதலின் பாதரசம் கண்ணாடியை நனைக்காமல் மணிமணியாய் உருளுகிறது. மெல்லிய கண்ணாடிக் குழாயினுள் நீர் மேலே ஏறுவதையும் பாதரசம் கீழே இறங்குவதையும் இவ்விதியே விளக்கியது. உலகில் தனித்தனியே கிடந்த பல நிகழ்ச்சிகள் ஒரே விதியின்கீழ் வந்து அமைந்தன.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த கட்டுரையை அன்று போற்றியவர் மிகச் சிலரே. காரணம், யங்கின் பழைய குறையே. முப்பொருள் விசையைப் பற்றிய அக்கட்டுரையில் விதியை விளக்கும் படம் இல்லை. கணிதச் சமன்பாடும் இல்லை. எல்லாவற்றையும் செறிந்த சொற்களாலேயே சொல்லிச் சென்றார். இன்று பாடநூல்களில் யங் சமன்பாடு என்று அச்சிடப்பெறுவது அவர் கைப்பட எழுதியதன்று. அவர் சொற்களிலிருந்து பின்வந்தோர் வடித்தெடுத்தது. நம் இலக்கண நூல்களில் நூற்பாவும் உண்டு, உரையும் உண்டு. தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் முதலாயினோர் உரை கண்டிராவிடின், அதன் நூற்பாக்கள் பல நமக்கு எளிதில் விளங்கா. யங் நூற்பாச் செய்தார். உரை செய்யாது போனார்.

கட்டுரை வெளிவந்த சின்னாட்களில், பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் 1806-ஆம் ஆண்டில் இதே பொருளைக் கணித வழியில் தெளிவாக விளக்கினார். புகழ் அவரைச் சேர்ந்தது. வளைந்த நீர்ப்பரப்பைப் பற்றிய விதி இப்பொழுது இருவர் பெயராலும் யங்–லாப்லாஸ் சமன்பாடு என்றே வழங்குகிறது. ஜெர்மானியக் கணிதப் பேரறிஞர் காஸ், சேர்கோண விதியை ஐயமற நிறுவிய நூல் 1830-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நூற்பாவிற்கு உரை வந்து சேர்ந்தது. ஆனால் நூற்பாச் செய்தவர் அதற்கு ஓராண்டிற்கு முன்பே மறைந்துவிட்டார்.

யங்கின் பிற பணிகளையும் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். 1811-ஆம் ஆண்டு முதல் இறுதிவரை இலண்டன் தூய ஜார்ஜ் மருத்துவமனையில் இவர் மருத்துவராகப் பணியாற்றினார். மருத்துவர் பிற துறைகளில் ஈடுபட்டால் நோயாளிகள் நம்பிக்கை இழப்பர் என்று அஞ்சி, தம் கட்டுரைகள் பலவற்றைப் பெயரின்றியே வெளியிட்டார். பொருள்கள் இழுபடும் தன்மையை அளக்கும் யங் குணகம் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எகிப்து நாட்டு ரொசெட்டாக் கல்லின் சித்திர எழுத்துக்களை ஆராய்ந்து, அவற்றுட் சிலவற்றின் ஒலியை இவர் கண்டறிந்தார். முழுமையாகப் படிக்கும் முறையை 1822-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் வெளியிட்டார். பிரான்சில் பிரெனெல் என்பார் செய்த ஆராய்ச்சிகளால், முன்பு இகழப்பட்ட ஒளியலைக் கொள்கையும் யங்கின் வாழ்நாளிலேயே ஏற்றம் பெற்றது.

1829-ஆம் ஆண்டு மே திங்கள் 10-ஆம் நாள் யங் இலண்டனில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. நோய்ப்படுக்கையிலும் எகிப்திய மொழிக்கு அகராதி தொகுத்துக்கொண்டிருந்தார். கை தளர்ந்து பேனாவைப் பிடிக்க இயலாதபோது பென்சிலைக் கொண்டு எழுதினார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இவருக்கு நினைவுக் கல் ஒன்று நிறுவப்பெற்றது. அதற்குரிய வாசகத்தை எழுதியவர், இளமையில் உடன் பயின்ற நண்பர் ஹட்சன் கர்னியே ஆவார்.

யங் மறைந்தபின் அவருடைய துளி இலக்கணம் வளர்ந்துகொண்டே வந்தது. அவர் விதி, மாசற்ற, வழவழப்பான பரப்பிற்கு உரியது. உலகிலுள்ள பரப்புகளோ மேடு பள்ளமும் அழுக்கும் உடையவை. சன்னற் கண்ணாடியில் வழியும் மழைத்துளியை உற்று நோக்குங்கள். அதன் முன்புறம் புடைத்தும் பின்புறம் மெலிந்தும் இருக்கும். இரு பக்கத்திலும் கோணம் வேறுபடுவதால் ஒரு பிடிப்பு உண்டாகிறது. அப்பிடிப்பை வெல்லும் அளவு எடை சேரும்வரை துளி தயங்கி நிற்கும். எடை சேர்ந்தபின் சட்டென்று இறங்கும். தாமரை இலையின் மறையையும் 1997-ஆம் ஆண்டில் பார்த்லாட், நைன்ஹுயிஸ் என்னும் ஜெர்மானியத் தாவர நூலார் விளக்கினர். அவ்விலையின்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முகடுகள் உள்ளன. அவற்றின்மேல் மெழுகு படிந்திருக்கிறது. துளி முகடுகளின் நுனியை மட்டுமே தொட்டு நிற்க, இடையே காற்றுத் தங்குகிறது. ஆதலின் பிடிப்பின்றித் துளி உருண்டோடுகிறது. ஓடும்போது தூசியையும் உடன் கொண்டு செல்கிறது.

சேர்கோணத்தை இடத்திற்கு இடம் மாற்றினால் துளியை நாம் விரும்பிய திசையில் ஓட்டலாம் அன்றோ? 1992-ஆம் ஆண்டில் சௌதுரி, வைட்சைட்ஸ் என்னும் அறிஞர் இருவர் அமெரிக்காவில் இதனைச் செய்து காட்டினர். சிலிக்கன் தகடு ஒன்றின்மேல், ஒரு சென்டிமீட்டர் நீளத்திற்குள் நீரின் சேர்கோணம் 97 பாகையிலிருந்து 25 பாகையாகப் படிப்படியாகக் குறையுமாறு மெல்லிய பூச்சு அமைத்தனர். தகட்டை 15 பாகை சாய்த்து, தாழ்ந்த முனையில் ஒரு சிறு நீர்த்துளியை வைத்தனர். அத்துளி நொடிக்கு ஓரிரு மில்லிமீட்டர் வேகத்தில் மேட்டை நோக்கி ஏறியது! பள்ளத்தை நாடுவதே நீரின் இயல்பு என்பர். முன்புறத்து இழுப்புப் பின்புறத்து இழுப்பினும் மிகுந்தமையால், அத்துளி மேட்டை நாடிற்று. மின்விசையாலும் சேர்கோணத்தை மாற்றலாம். அம்முறையைக் கையாண்டு, சிறு தகட்டின்மேல் துளிகளை நகர்த்தவும், இரண்டாகப் பிரிக்கவும், ஒன்றாகக் கலக்கவும் இன்று இயலுகிறது. ஒரு துளிக் குருதியைக் கொண்டு நோயறியும் சிறு கருவிகளிலும் இம்முறை பயன்படுகிறது.

தாம் பிற ஆராய்ச்சிகளில் ஈடுபடுவதை நோயாளிகள் அறிந்தால் குறை கூறுவரோ என்று அஞ்சி வாழ்ந்தார் ஒரு மருத்துவர். அவர் கண்ட துளியின் விதியே இன்று மருத்துவத்திற்குத் துணை நிற்கிறது.

மாணவர்களே, யங்கின் வாழ்க்கையில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. தம் நூலில் ஒரு படியே விற்றதைக் கண்டும், அவர் உண்மையைத் தேடுவதைக் கைவிடவில்லை. இது நாம் பின்பற்றத் தக்கது. தாம் கண்டதைப் பிறர்க்கு விளங்கும்படி எடுத்துரைக்க அவர் போதிய முயற்சி கொள்ளவில்லை. இது நாம் விலக்கத் தக்கது. அறிவு குறைந்தமையால் அன்று, விளக்கம் குறைந்தமையால் அவருடைய புகழ் பல்லாண்டுகள் தாழ்ந்தது. ஆதலின், ஒன்றைக் கற்றுத் தெளிந்தபின் அதனை அருகிலிருப்பவர்க்கும் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். அடுத்த முறை மழை பெய்யும்போது, இலையின்மேல் நிற்கும் ஒரு துளியைச் சற்று நின்று உற்று நோக்குங்கள். தாமஸ் யங்கை நினைவுகூர்வதற்கு அதனினும் சிறந்த இடம் வேறில்லை.